காதுகுத்தும் இரண்டு கார்ப்பரேட்டரும்

எனக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருஷம் எங்கள் குடும்பத்தில் ஒரு காதுகுத்து நின்றுபோகப் பார்த்தது. ஏன் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்ல வாய் வராது. மாமன் மச்சான் சண்டை என்றால் நகை, நிலம், சீர்வரிசை என்று ஏதாவது ஒரு கௌரவமான காரணம் இருக்க வேண்டாமா? எங்கள் வீட்டு ஆம்பளைகள் இரண்டு பேரும் முட்டிக்கொண்டது, ஒரு பழைய ரேஸ் காருக்குக் கார்ப்பரேட்டர் வைப்பதா இன்ஜெக்ஷன் வைப்பதா என்று. அந்தக் கார் எங்களுடையதுகூட இல்லை.

என் வீட்டுக்காரர் திருத்தணியில் அரக்கோணம் ரோட்டில் பட்டறை வைத்திருந்தார். டீசல் இன்ஜினின் பம்பும், எண்ணெயைப் பீய்ச்சும் நாசிலும் பழுது பார்ப்பதுதான் தொழில். திருவாலங்காடு பக்கத்துக் கரும்புக்காரர்களின் டிராக்டரும் கிணற்று இன்ஜினும் எந்நேரமும் வாசலில் நிற்கும். பம்பைத் திறக்காமலே, புகையின் நிறத்தைப் பார்த்து நோய் சொல்வார். அந்தத் திமிரும் கொஞ்சம் உண்டு.

அவருடைய அக்கா புருஷன் அரக்கோணத்தில் ரயில்வே ஃபிட்டர். என் வீட்டுக்காரருக்கு அவர் பாவா. எனக்கு அண்ணன் முறை. ரயில்வேயில் சேருவதற்கு முன்னால் மெட்ராஸில் ஒரு கார் பட்டறையில் ஐந்து வருஷம் கார்ப்பரேட்டர் மட்டுமே பிரித்து மாட்டிக்கொண்டிருந்தவர். அந்த ஐந்து வருஷத்தைப் பற்றி ஐம்பது வருஷம் பேசுவார். சாயங்கால ரயிலில் திருத்தணி வந்து, பட்டறையில் ஒரு மணி நேரம் மச்சானோடு வாயாடிவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்துத் திரும்புவது அவருடைய வழக்கம். வாயாடாத நாளில் இரண்டு பேருக்குமே சோறு இறங்காது.

கார் வந்த கதை இதுதான். பள்ளிப்பட்டு ரோட்டில் ஒரு மாந்தோப்பு. அதன் சொந்தக்காரர் மெட்ராஸ்காரர். ஒரு காலத்தில் சோழவரத்தில் ரேஸ் ஓட்டியவர். அவருடைய பழைய இங்கிலீஷ் கார் ஒன்று, கூரை கிடையாது, இரண்டு பேர்தான் உட்காரலாம், தோப்புக் கொட்டகையில் வருஷக்கணக்காகக் கோழி அடைகாக்கும் இடமாகக் கிடந்தது. திடீரென்று அவருக்கு மறுபடி ஆசை வந்துவிட்டது. வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வந்தார்.

"இன்ஜின் நல்லாத்தான் இருக்கு. கார்ப்பரேட்டர் ரெண்டும்தான் தேஞ்சு போச்சு. அதையே சரி பண்ணுவீங்களோ, வேற எது வைப்பீங்களோ, உங்க இஷ்டம். சோழவரத்துல ஓடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த 'உங்க இஷ்டம்'தான் எங்கள் வீட்டுக்குள் கொளுத்திப் போட்ட நெருப்பு.

இன்ஜின் பெட்ரோலை அப்படியே குடிக்காதாம். காற்றோடு கலந்து தர வேண்டுமாம். இன்ஜின் மூச்சிழுக்கும்போது அந்தக் காற்றோடு பெட்ரோலும் தானாக இழுபட்டுப் போகும்படி வைத்த வாய்தான் கார்ப்பரேட்டர். இன்ஜெக்ஷன் என்றால் பம்பு வைத்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் அளந்து பீய்ச்சுவது. காது புளிக்கக் கேட்டதில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான்.

"கார்ப்பரேட்டர்ல இன்ஜினு உறிஞ்சிக்கினா உண்டு, இல்லாட்டி பட்டினி. இன்ஜெக்ஷன்ல நாம இலைல அளந்து வெக்கறோம் பாவா. வெளிநாட்டு ரேஸ் காருக்கெல்லாம் இப்ப இதான். புஸ்தகத்துல போட்டோவே போட்டுகீறான்" என்றார் இவர். மெட்ராஸில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய அந்தப் புத்தகத்தில் ஒரு வரியும் இவருக்குப் படிக்க வராது. படத்தை மட்டும் தினம் பார்ப்பார்.

"போட்டோ பாத்துப் பொண்ணு கட்டுறவன் கதையா இருக்குது. அவன் வெச்சிகினு இருக்கறது அதுக்குன்னே செஞ்ச பம்புடா. நீ டிராக்டர் பம்ப எட்த்தாந்து மாட்டப் போறியா?" என்றார் அண்ணன்.

"பம்புன்னா பம்புதான். எனக்கே பம்பு சொல்லித் தரியா நீ?"

அண்ணன் தேய்ந்த கார்ப்பரேட்டர் இரண்டையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ரயிலேறினார். "தேவப்படும்போது கேளு, தரேன்" என்று என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனார்.

இவர் நிஜமாகவே டிராக்டர் பம்பை மாட்டினார். பதினைந்து நாள் ராட்சச வேலை. சங்கிலி போட்டு இன்ஜினோடு இணைத்து, நாலு குழாய் வளைத்து, நாலு நாசில் வைத்து, பம்பின் கம்பியைக் கால் மிதியோடு சேர்த்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலை அது உயிர் பிடித்தது. என்ன சத்தம்! தெருவில் மேய்ந்த ஆடெல்லாம் சிதறியது. இவர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை இன்னும் மறக்கவில்லை. பாவம், பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு வாங்கிய முகம்.

வேறு ஊராக இருந்தால் அடுத்து என்ன செய்திருப்பார்கள்? நாலு தெரு ஓட்டிப் பார்த்திருப்பார்கள். எங்கள் ஊரில் வண்டி உறுமினால் முதல் ஓட்டமே மலைக்குத்தான். சாமி பார்க்காத வண்டியை எங்கே ஓட்டுவது? உடனே சாமந்தி மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், தேங்காய்த் தட்டோடு பக்கத்தில் நான். அடிவாரத்தில் நாலு எலுமிச்சையும் நசுங்கியது. மலை ரோட்டில் வண்டி ஜம்மென்று ஏறியது. காற்றில் என் பின்னல் பறந்து பின்னால் வந்த சைக்கிள்காரன் முகத்தில் அடித்திருக்கும், அத்தனை நீளம் அது.

இரண்டாவது வளைவில் முன்பக்கமிருந்து 'கீஈஈச்' என்று ஒரு அலறல். படாரென்று சங்கிலி அறுந்தது. வண்டி நின்றது. எங்கள் பின்னாலேயே கோயில் பஸ். ஹாரன் மேல் ஹாரன். பஸ்ஸிலிருந்து பக்தர்கள் எல்லாம் இறங்கினார்கள். அதில் யார் என்று நினைக்கிறீர்கள்? அண்ணன், அண்ணி, அண்ணி இடுப்பில் ஒரு வயசுப் பெண் குழந்தை. அந்தக் குழந்தைக்குத்தான் நாலு வாரத்தில் மலை மேல் மொட்டை, காதுகுத்து. மண்டபத்துக்குப் பாக்கிப் பணம் கட்ட வந்திருந்தார்கள்.

அண்ணன் இன்ஜினை எட்டிப் பார்த்தார். பார்த்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"பெட்ரோல்ல ஏதுடா எண்ணெப் பசை? டீசல்ல பம்புக்குச் சோறும் அதான், எண்ணெயும் அதான். காஞ்ச பெட்ரோல ஊத்தி பம்ப இறுக்கிக் கொன்னுட்டியே! இதுகூடத் தெரியாத நீ பம்பு மெக்கானிக்கா?"

இதில் கொடுமை என்னவென்றால், இது இவருக்குத் தெரியும். டீசலில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டி வரும் விவசாயியை, பசை போய் பம்பு இறுகிவிடும் என்று நாள்தோறும் திட்டுகிறவர் இவர். ஆசை கண்ணை மறைத்துவிட்டது. தெரிந்த விஷயத்தில் சறுக்கி, அதைப் பஸ் நிறைய ஆள் முன்னால் பாவா வாயால் கேட்டால் எப்படி இருக்கும்? முகம் கறுத்துப் போனது.

"கரி அள்ற ஆளுக்கு ரேஸ் கார் பத்தி இன்னா தெரியும்?" என்றார் இவர்.

"கெணத்து இன்ஜின் நோண்டறவனுக்குத் தெரிஞ்ச அளவு தெரியும்."

"அப்டியா? உன் பொண்ணு காதுகுத்துக்கு வேற மாமன பாத்துக்க!"

பஸ் டிரைவர் ஹாரனை விட்டுவிட்டுத் தலையை வெளியே நீட்டினார். எங்களில் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது. அண்ணிக்கு இவர் ஒரே தம்பி. பத்திரிகையில் 'தாய்மாமன்' என்று இவர் பெயரை அடித்து ஊருக்கெல்லாம் கொடுத்தாகிவிட்டது. மாமன் மடி இல்லாமல் காது குத்தினால் அந்தப் பெண் வளர்ந்து கல்யாணமாகிப் போகிற வரைக்கும் ஜனங்கள் பேசும்.

"பாத்துக்கறன், பாத்துக்கறன். ஊர்ல மாமனுக்கா பஞ்சம்?" என்று அண்ணனும் விடவில்லை. அண்ணி தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவளைப் பார்த்துக் குழந்தையும் அழுதது.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! மேலே கோபுரம் தெரிந்தது. கையிலிருந்த தேங்காய்த் தட்டோடேயே அதைப் பார்த்து மனசுக்குள் கத்தினேன்: "முருகா, இந்த ரெண்டு கழுதைங்களும் ஒண்ணா நின்னு அந்தக் கொழந்தைக்குக் காது குத்தட்டும். என் முடிய உனக்கே இறக்கிடறன்!" நிதானத்தில் இருந்திருந்தால் பூமுடி என்று சொல்லியிருப்பேன், நுனியில் மூன்று விரல்கடை நறுக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். கோபத்தில் வேண்டினால் அளவெல்லாம் பெரிதாகத்தான் வருகிறது.

அடுத்த வாரம் இவர் இன்னொரு பம்பை மாட்டி, பெட்ரோலில் விளக்கெண்ணெய் கலந்து ஊற்றினார். பசை வேண்டுமாம், பசை! இன்ஜின் ஓடியது. அது விட்ட கறுப்புப் புகையில், அம்மையார்குப்பத்திலிருந்து அம்மா நெய்து அனுப்பிய என் இரண்டு புதுப் புடவை கொடியிலேயே கரிக்கட்டை ஆனது. பிளக்கெல்லாம் பிசின் பிடித்து வண்டி மறுபடி நின்றது. தெருவில் ஒரு வாரம் பேதி மருந்து நாற்றம். நான் திட்டிய திட்டை எழுத முடியாது. இவர் பம்பைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, அந்தப் படப் புத்தகத்தையும் அதன் பக்கத்தில் வைத்தார்.

காதுகுத்துக்குப் பத்து நாள்தான் பாக்கி. சாயங்கால ரயில் வரும், போகும்; அண்ணன் வரமாட்டார். ரயில் சத்தம் கேட்டதும் இவர் ரோட்டைப் பார்ப்பார். நான் பார்ப்பதைப் பார்த்ததும் ஸ்பானரைத் தேடுகிற மாதிரி குனிந்துகொள்வார். இது சரிப்படாது என்று நானே அரக்கோணத்துக்கு ரயிலேறினேன்.

அண்ணன் கார்ப்பரேட்டர் இரண்டையும் அலமாரியிலிருந்து எடுத்தார். சண்டைக்கு முன்னாலேயே தேய்ந்த இடத்துக்குப் புதுப் பித்தளை போட்டு, மெருகேற்றி, குழந்தையின் பழைய சட்டையில் சுற்றி வைத்திருந்தார். கொலுவில் வைக்கலாம், அத்தனை பளபளப்பு.

"கொண்டும் போய்க் குடும்மா. நான் அங்க வர மாட்டன். ரெண்டு கார்ப்பரேட்டரும் ஒரே அளவு காத்து இழுக்கணும், அதான் சூட்சுமம். ரப்பர் டியூப் ஒண்ண ஒரு முனைய கார்ப்பரேட்டர் வாய்கிட்ட வெச்சி, மறு முனைய காதுல வெச்சிக் கேட்டா 'உஸ்'ஸுன்னு கேக்கும். ரெண்டுலயும் ஒரே சத்தம் வர்ற வரைக்கும் திருகாணிய திருப்பச் சொல்லு."

வீட்டில் இவர், "நான் கார்ப்பரேட்டரத் தொட மாட்டன்" என்றார்.

"யாரு தொடச் சொன்னது? நானே மாட்டிக்கறன்" என்று ஸ்பானரை எடுத்தேன். நான் பிடித்த பிடியைப் பார்த்து அவரால் தாங்க முடியவில்லை. "ஐயய்யோ, தலைகீழா புடிச்சிகினு... குடு இங்க. நட்டு மட்டும் முறுக்கித் தரேன்" என்றார். நட்டு மட்டும் முறுக்கி, குழாய் மட்டும் சேர்த்து, கம்பி மட்டும் இணைத்து, மதியத்துக்குள் முழுசும் மாட்டிவிட்டார்.

இன்ஜின் ஓடியது. ஆனால் நொண்டியது. இருமியது, குலுங்கியது, மேலே வைத்த டம்ளர் தண்ணீர் தளும்பி வழிந்தது. இவர் டியூபைக் காதில் வைத்து ஒன்று மாற்றி ஒன்று கேட்டார். "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது. உங்க அண்ணன் கார்ப்பரேட்டரே இவ்ளோதான்" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாளே சேதி அரக்கோணம் போனது. அன்று சாயங்கால ரயிலில் அண்ணன் வந்தார். பட்டறைக்குள் வரவில்லை, எதிரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவர், நடுவில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் தப்பித்துத் தபால்காரி வேலை எனக்கு.

"டியூப காதுல வெச்சானா, மூக்குல வெச்சானான்னு கேளு" என்பார் அவர்.

"வேற வேலை இருந்தா பாக்கச் சொல்லு" என்பார் இவர்.

மூன்று நடை நடந்ததும் எனக்குக் கால் வலித்தது. "ரெண்டு நாத்தனார் சண்டைகூட இவ்ளோ அசிங்கமா இருக்காது. எழுந்து வாங்கண்ணா!" என்று கத்திவிட்டேன். அண்ணன் இவரைப் பார்க்காமல், "தங்கச்சிக்கோசரம் வரேன்" என்று காற்றிடம் சொல்லிக்கொண்டே வந்தார். டியூபை வாங்கிக் கேட்டார். முன்னது, பின்னது, மறுபடி முன்னது. நெற்றியைச் சுருக்கினார்.

"ஒண்ணாத்தானே இருக்குது! அப்ப கோளாறு இன்ஜின்லதான்."

"இன்ஜின்ல இல்ல, கார்ப்பரேட்டர்ல!"

"இன்ஜின்ல!"

நான் டியூபைப் பிடுங்கி என் காதில் வைத்தேன். முன்னது வடைச்சட்டியில் மாவு விழுந்த மாதிரி 'உஸ்ஸ்ஸ்' என்று இரைந்தது. பின்னது? பாதி மூச்சுகூட இல்லை. ஒன்று மலை, ஒன்று மடு. இதையா இரண்டு பேரும் ஒன்று என்கிறார்கள்?

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒருவர் பதினைந்து வருஷமாக டீசல் இன்ஜினுக்குப் பக்கத்தில். இன்னொருவர் அதே அளவு காலம் இரும்பில் சம்மட்டி விழும் இடத்தில். இரண்டு வீட்டிலும் ரேடியோ தெருமுனை வரைக்கும் அலறும். ஏதோ பாட்டு ரசனை என்று நினைத்திருந்தேன். இரண்டு பேரும் ஏன் எப்போதும் கத்திக்கொண்டே பேசுகிறார்கள் என்பதும் விளங்கியது. இரண்டு பேருக்கும் பாதிக் காது அவுட்! மெல்லிய சத்தம் எதுவும் ஏறவே ஏறாது.

நான் நெசவு வீட்டில் பிறந்தவள். எங்கள் வீட்டில் நாலு கைத்தறி, ஊடு நூலை ஓட்டும் நாடாவின் சத்தத்தில்தான் வளர்ந்தேன். சமையல் செய்துகொண்டே, "நைனா, மூணாவது தறியில நாடா தட்டுது" என்று சொல்லிவிடுவேன். அந்தக் காதுக்கு இது எம்மாத்திரம்?

"அண்ணா, நீங்க திருகாணியப் புடிங்க. ஏங்க, நீங்க கால் மிதியப் பாத்துக்குங்க" என்று இவரிடமும் சொல்லிவிட்டு, டியூபோடு குனிந்தேன். "பின்னாடிதுல திருப்புங்க. இன்னும். ஆங், இன்னும். போதும், போதும், அதிகம்! கால் சுத்து பின்னால வாங்க. முன்னாடித கொஞ்சம் இறக்குங்க. ஏங்க, மிதிய ஆட்டாம புடிங்கன்னா..." ஆணுக்கொரு அதட்டல். இரண்டு பேரும் வாய் திறக்காமல் சொன்னதைச் செய்தார்கள். என் வாழ்க்கையில் அப்படி ஒரு அரை மணி நேரம் அதற்கு முன்னும் வாய்க்கவில்லை, பின்னும் வாய்க்கவில்லை.

இரண்டு வாயும் ஒரே அளவு 'உஸ்' சொன்ன நேரத்தில் இருமல் நின்றது. குலுக்கல் நின்றது. டம்ளரில் தண்ணீர் அப்படியே நின்றது. இரண்டு பேரும் அந்தத் தண்ணீரையே பார்த்தார்கள். அதைப் பார்த்துத்தானே அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இவர் தலையைச் சொறிந்துகொண்டு, "பாவா, டீ குடிக்கிறியா?" என்றார்.

"மூணு குடிச்சாச்சு."

"நாலாவதா ஒண்ணு குடி."

"பன்னும் சொல்லு" என்றார் அண்ணன். "சோழவரத்துக்குக் கார்ப்பரேட்டரே போவட்டும்டா. காதால கேட்டு, கையால திருப்பி சரி பண்ணிக்கலாம். உன் பம்பு நின்னா அங்க யாரு வந்து தொறக்கறது?"

"இருந்தாலும் இன்ஜெக்ஷன்தான் ஒசத்தி" என்றார் இவர், ரோட்டைத் தாண்டும்போதே. அண்ணன் அவர் முதுகில் ஒன்று வைத்தார். எனக்கு அழலாமா சிரிக்கலாமா என்று இருந்தது. தலைமுடியைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

காதுகுத்து அன்று மெட்ராஸ்காரர் அவரே காரை ஓட்டிக்கொண்டு மலையேறி வந்தார். பூஜை போட்டுவிட்டு அப்படியே எடுத்துப் போவதாக ஏற்பாடு. மண்டபத்தில் இவர் புது வேட்டியில் சம்மணம் போட்டு உட்கார, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தையை அண்ணனே தூக்கிக் கொண்டுவந்து மச்சான் மடியில் வைத்தார். பத்தர் கம்பியை எடுத்ததும் குழந்தை வீறிட்டது. கையைப் பிடித்தவர் அப்பன், தலையைப் பிடித்தவர் மாமன், இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர்.

சந்தடி அடங்கியதும் நான் போய் முடி இறக்கும் இடத்தில் உட்கார்ந்தேன். அதுவரை யாரிடமும் மூச்சு விடவில்லை. அண்ணி ஓடி வந்து, "பூமுடி குடுத்தா போதும்டி" என்று கையைப் பிடித்தாள். "முழுசுன்னு சொல்லிட்டேன் அண்ணி" என்றேன். இவர் வந்து நின்றார். அந்தப் பின்னல் மேல் இவருக்கு இருந்த ஆசை எனக்குத் தெரியும்.

"ஒரு கார்ப்பரேட்டருக்காடி?"

"கார்ப்பரேட்டருக்கு இல்ல. உங்க ரெண்டு பேரு வாய்க்கு" என்றேன். கத்தி முதல் இழுப்பு இழுத்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பெரிய வீராங்கனை மாதிரி உட்கார்ந்தவள் தேம்பித் தேம்பி அழுதேன். இவரும் அண்ணனும் திருட்டுப் பையன்கள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு பக்கத்திலேயே நின்றார்கள்.

சந்தனம் பூசிக்கொண்டு எழுந்தேன். அதுவரை ஓயாமல் அழுத குழந்தை என் தலையைப் பார்த்தது. தன் தலையைத் தொட்டது. என் தலையைத் தொட்டது. தன் ஜாதியில் ஒரு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் என்னிடம் தாவியது. இரண்டு மொட்டையும் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டு நின்றோம்.

அப்போது வண்டி நிற்கும் இடத்திலிருந்து மெட்ராஸ்காரர் காரைக் கிளப்பும் சத்தம் வந்தது. முடி இல்லாத தலையில் காற்று ஜில்லென்று பட, எல்லாச் சத்தமும் கழுவி வைத்த மாதிரி கேட்டது.

"பின்னாடி கார்ப்பரேட்டர் லேசா எறங்கிப் போச்சு. ஓடிப்போய் நிறுத்தச் சொல்லுங்க" என்றேன்.

இரண்டு பேரும் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் கவனமாகக் கேட்டார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டி, எனக்குத் தெரிந்து முதல்முறையாக, ஒரே குரலில் சொன்னார்கள்:

"ஒண்ணாத்தானே இருக்குது!"